மூன்றாம் பாகம் ஓடக் கூடாது

பொங்கலுக்கு அந்தப் படத்தின் மூன்றாம் பாகம் வெளியானது. அன்று காலை நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஹேண்ட்போனில் காலி இருக்கைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். முன்பதிவு செயலியில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு படம் வரும். விற்ற இருக்கை சிவப்பு, விற்காதது வெள்ளை. பினாங்குத் தீவில் அது ஓடிய ஒவ்வொரு திரையரங்கையும், ஒவ்வொரு காட்சியையும் திறந்து பார்த்தேன். எல்லாம் சிவப்பு. உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும் முதல் வரிசைகூடச் சிவப்பு. அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பொங்கலன்று பால் பொங்கினால் நல்லதுதானே என்று என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் அந்தப் படத்தை எடுத்தவளும் அல்ல, அதில் நடித்தவளும் அல்ல. இங்கே திரையிடும் தமிழ்ப் படங்களுக்கு மலாயில் சப்டைட்டில் எழுதுகிறவள். அதற்கு முன்பு துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தேன். கடிதம், படிவம், புகார் எல்லாமே மலாயில்தான். அலுவலகத்தை மூடியபோது எனக்கென்று மிஞ்சியது அந்த மலாய்தான். தமிழ்ப் படங்களை வாங்கி வெளியிடும் ஒரு சிறிய நிறுவனம் செபராங் ஜெயாவில், கடைவீட்டு மாடி ஒன்றில் இருந்தது. அங்கே விநியோகம் பார்த்த இளைஞர், தெரிந்தவர் ஒருவர் மூலம் என்னைத் தேடி வந்தார். பேய்ப் படம், குடும்பப் படம், சிரிப்புப் படம் என்று பத்துப் பன்னிரண்டு செய்து கை பழகிய பிறகு ஒருநாள் அவர் போன் செய்தார்.

"அக்கா, ஒரு சின்னப் படம். ஹீரோ பேரு யாருக்கும் தெரியாது. சும்மா ரெண்டு மூணு தியேட்டர்லதான் போடுவோம். அவசரம்லா, சீக்கிரம் முடிச்சுக் குடுங்க."

அதுதான் முதல் பாகம். அப்போது அது ஒரு பாகம் என்று யாருக்கும் தெரியாது, வெறும் படம்தான்.

மணல் லாரி ஓட்டும் ஒருவனின் கதை. பயந்த சுபாவம். உடம்பு சரியில்லாத அம்மாவை லாரியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறான். வழியில் ஒரு பாலத்தில் ரவுடிகள் மறித்து நிற்கிறார்கள். அவன் இறங்கி, கைகூப்பி, "கொஞ்சம் வழி விடுங்க" என்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். மறுபடியும் கேட்கிறான். மூன்றாவது தடவை கேட்டுவிட்டுத்தான் அடிக்கிறான்.

அந்த மூன்று சொல்லுக்கு மலாய் கிடைக்காமல் இரண்டு நாள் தவித்தேன். சரியான மலாயில் எழுதினால் சாலையோர அறிவிப்புப் பலகை மாதிரி இருந்தது. பேச்சு மலாயில் எழுதினால் சண்டைக்கு இழுப்பது மாதிரி இருந்தது. அவன் உண்மையாகவே கெஞ்சுகிறான், ஆனால் பார்க்கிறவனுக்கு முதுகுத்தண்டு சிலிர்க்க வேண்டும். என் பழைய அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஒரு மலாய்க்கார அம்மா அப்போதுதான் நினைவுக்கு வந்தார். தெலுக் பஹாங் காட்டுப் பாதையில் எல்லோரும் உல்லாசப் பயணம் போனபோது, பெரிய மரம் ஒன்றைத் தாண்டும் இடத்தில் அவர் தலையைக் குனிந்து "தும்பாங் லாலு" என்று முணுமுணுத்தார். இந்த வழியாகப் போகிறேன், மன்னித்து வழி விடுங்கள் என்று அர்த்தம். பெரியவர்கள் முன்னால் கடக்கும்போதும் சொல்வார்கள், கண்ணுக்குத் தெரியாதவை குடியிருக்கும் இடத்தைக் கடக்கும்போதும் சொல்வார்கள். அதையே எழுதினேன். தும்பாங் லாலு.

படம் வந்த முதல் நாள் போய்ப் பார்த்தேன். அரங்கம் பாதிகூட நிறையவில்லை. வேறு படத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் இதற்கு வந்த மலாய் இளைஞர்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பாலத்துக் காட்சி வந்தது. கைகூப்பி அவன் கேட்கிறான். கீழே என் எழுத்து. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு அந்த வரிசையே வெடித்துச் சிரித்தது, ஒருவன் எழுந்து நின்று கைதட்டினான். ரவுடிகளைப் பேய்கள் ஆக்கிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. அடுத்த வாரம் அதே அரங்கில் மலாய்க்காரர்கள் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த வாரம் அரங்குகளைக் கூட்டினார்கள். தமிழ்ப் படத்துக்கு மலாய்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்றதை நான் பார்த்தேன். படத்தின் கடைசியில் சப்டைட்டில் எழுதியவர் பெயர் இல்லை. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது என் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் ஒன்றாகப் படித்தோம், ஒரே பெஞ்ச். கத்தோலிக்கப் பெண். இடைநிலைப் பள்ளியில் மலாய் ஆசிரியையாக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, புலாவ் தீக்குஸ் பகுதியில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தாள். எனக்கு வேலை அதிகமாகும்போது சில படங்களை அவளிடம் தள்ளிவிடுவேன். அப்படித்தான் அவளும் இதற்குள் வந்தாள்.

இரண்டாம் பாகம் சப்டைட்டில் வேலைக்கு வந்ததும் விநியோக இளைஞர் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். நான் மகளின் நிச்சயதார்த்தம் இருக்கிறது என்று சொல்லி, தோழியின் எண்ணைக் கொடுத்தேன். அவளே கேட்டாள்.

"ஏய், இது பெரிய படம்லா. உன்னோட படம். ஏன் எனக்குத் தள்ளுற?"

"நிச்சயதார்த்த வேல தலைக்கு மேல கிடக்குடி. நீ பண்ணு."

யாரிடமும் சொல்லாத உண்மையை இங்கே எழுதுகிறேன். நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. இரண்டாம் பாகம் ஓடாது என்று நினைத்தேன், அதனால்தான் கொடுத்தேன். அதற்கு முன்பு இரண்டு பேய்ப் படங்களின் இரண்டாம் பாகங்களுக்கு நானே எழுதியிருக்கிறேன். முதல் நாள் கூட்டம் முட்டும், திங்கட்கிழமை அரங்கில் குளிரூட்டியின் சத்தம் மட்டும் கேட்கும். தீர்ந்துபோன குழம்பில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பரிமாறுகிறார்கள், எத்தனை நாளைக்கு இது என்று பேசுகிறவள் நான். என் தும்பாங் லாலு நல்ல பெயரோடு முதல் படத்தோடு நிற்கட்டும், விழப்போகிற படத்தில் வேறு யாராவது மாட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அந்த வேறு யாராவது என் நெருங்கிய தோழி என்பது எனக்கு உறுத்தவில்லை.

இரண்டாம் பாகம் ஓடியது. சாதாரணமாக இல்லை, பேயாக ஓடியது. விடியற்காலைக் காட்சிக்கு ரசிகர்கள் தேங்காய் உடைத்தார்கள், லிட்டில் இந்தியாவில் கடைக்குக் கடை பதாகை. நாயகன் வாயைத் திறக்கும் முன்பே அரங்கம் முழுக்கத் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் சேர்ந்து "தும்பாங் லாலு" என்று கத்தினார்கள். சட்டை போட்டார்கள், காரின் பின்கண்ணாடியில் ஒட்டினார்கள். ஒரு மலாய் இணையச் செய்திக்காரர், இந்தச் சொல்லை எழுதியது யார் என்று தேடிப் போய் என் தோழியைப் பிடித்தார். அவள் வீட்டு வாசலில் நின்று பேசும் காணொளி எல்லோர் கைக்கும் வந்தது. என் சொந்த மகளே எனக்கு அனுப்பினாள். "அம்மா, ஆண்ட்டி ஃபேமஸ் ஆயிட்டாங்க!"

அந்தக் காணொளியை முழுதாகப் பார்க்காமல் பாதியில் அணைத்துவிட்டேன்.

சில நாள் கழித்து நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு மலாய் இளைஞன். அவன் முதுகில் பெரிய எழுத்தில் என் சொல். என்னால் வாயை அடக்க முடியவில்லை. தோளைத் தட்டி, மலாயில் சொன்னேன்: "தம்பி, இந்த வார்த்தையை எழுதியது நான்தான்."

அவன் திரும்பினான். "அப்படியா, மாச்சேக்?" என்றான். மாச்சேக் என்றால் அத்தை, சித்தி மாதிரி. மரியாதையாகத்தான் கேட்டான். பிறகு ஹேண்ட்போனை எடுத்து என் தோழியின் காணொளியைக் காட்டினான். "இந்த மாச்சேக்தானே எழுதினாங்க?"

"முதல் படத்துக்கு நான். அவங்க ரெண்டாவது படத்துக்கு."

"ஓ," என்றான். வயதானவர்கள் எதையாவது சொல்லும்போது இளையவர்கள் முகத்தில் வருமே ஒரு பொறுமை, அது அவன் முகத்தில் வந்தது. "மாச்சேக் முதல்ல வாங்கிக்கோங்க," என்று வரிசையில் எனக்கு இடம் விட்டுக் கொடுத்தான். அந்தச் சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரிக்காமலே கணவரிடம் தள்ளினேன்.

தோழியின் தேவாலயத்துத் தமிழ்க் குழு அவளுக்கு ஒரு பாராட்டு விழா வைத்தது. போகாமல் இருக்க முடியுமா? இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். அவள் ஒலிவாங்கியைப் பிடித்து, "அந்த வார்த்தையை மொதல்ல கண்டுபிடிச்சது நான் இல்ல, என் ஃப்ரண்ட். இங்கதான் உக்காந்திருக்கா" என்று என்னைக் கை காட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கொஞ்சம் கைதட்டினார்கள், பிறகு மறுபடியும் அவள் பக்கம் திரும்பிவிட்டார்கள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திருடி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு தூங்கியிருக்கலாம். அவள் நல்லவளாகவும் இருந்தாள். அதுதான் தாங்கவில்லை.

அன்றிலிருந்து அவளிடம் இரண்டாவது படத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. கோவில், கல்யாணம், மூட்டு வலி, விலைவாசி எல்லாம் பேசுவோம். அந்தப் படம் மட்டும் வராது. அவள் பேச்சை அந்தப் பக்கம் கொண்டு வந்தால் நான் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எழுந்துவிடுவேன்.

மூன்றாம் பாகம் வருகிறது என்று அறிவித்தார்கள். இந்தத் தடவை இளைஞர் என்னைக் கூப்பிடவே இல்லை. நேராக அவளிடம் போய்விட்டார். நியாயம்தான். ஆனாலும் பொறுக்கவில்லை. கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து வசூலை அலசும் ஆட்களின் பேச்சையெல்லாம் கேட்க ஆரம்பித்தேன். தொடர் படங்களின் காலம் முடிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் அவரை மூன்று தடவை கேட்பேன். இன்னும் பத்துப் பாகம் தாங்கும் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு சினிமாவே தெரியாது என்று முடிவு செய்வேன்.

என் கணவர் பட்டர்வொர்த் கன்டெய்னர் முனையத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் மேலேயிருந்து பார்த்துப் பழகியவர். ஒருநாள் கேட்டார்.

"ஏம்மா, படம் ஓடுனா உனக்கு என்னா? ஓடலனா உனக்கு என்னா?"

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னு பாக்குறேன்."

"தெரிஞ்சுக்குற மூஞ்சியா இது?"

பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போனேன். படியெல்லாம் ஏறி, மூச்சு வாங்கி, முருகன் முன்னால் நின்றேன். பக்கத்தில் ஒரு பெண் மகனின் அறுவை சிகிச்சைக்காக வாய்விட்டு வேண்டிக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடினேன். மகளுக்குப் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்காக வேண்டிக்கொள்ளத்தான் வந்திருந்தேன். மனசில் வந்தது வேறு: முருகா, மூன்றாம் பாகம் ஓடக் கூடாது. பாதிப் படி இறங்கிய பிறகு வெட்கமாக இருந்தது. திரும்ப ஏறிப் போய் மாற்றி வேண்டிக்கொண்டிருக்கலாம். முழங்கால் வலிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

முருகன் முதல் நான்கு நாள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு எல்லாம் சிவப்பு. திங்கட்கிழமை காலைக் காட்சியில் நான்கைந்து வெள்ளைக் கட்டங்கள். செவ்வாய்க்கிழமை ஒரு வரிசை முழுக்க வெள்ளை. அடுத்த வாரம், அரிசியைக் கொட்டிய மாதிரி எங்கும் வெள்ளை. காட்சிகளைக் குறைத்தார்கள், பெரிய அரங்கிலிருந்து சின்ன அரங்குக்கு மாற்றினார்கள். வெள்ளை இருக்கைகளைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். கணவர் தற்செயலாக அதைப் பார்த்துவிட்டு, "இத எதுக்கு போட்டோ எடுத்து வெச்சிருக்க?" என்று கேட்டார். போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

விழுந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. தீவில் போனால் தெரிந்தவர்கள் கண்ணில் படுவேன். அதனால் ஃபெரியில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து வாடகைக் காரில் செபராங் ஜெயா திரையரங்குக்குப் போனேன். இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை மதியக் காட்சி. உள்ளே என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி ஒரு வயதான மலாய்க் கணவன் மனைவி.

படம் தொடங்கியது. லாரிக்காரன் இப்போது லாரி ஓட்டவில்லை. ஹெலிகாப்டரில் வருகிறான். பாலத்தில் பயந்து கைகூப்பியவன் இப்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எதிரில் யாரும் நிற்காதபோதே கேமராவைப் பார்த்து "கொஞ்சம் வழி விடுங்க" என்கிறான். கீழே தும்பாங் லாலு. யாரும் சிரிக்கவில்லை. ஐந்தாவது தடவை சொன்னபோது முன்னாலிருந்த மலாய்க்காரர் கொட்டாவி விட்டார். அந்தச் சொல் ஏன் செத்தது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. முதல் படத்தில் அவனுக்கு உண்மையாகவே வழி வேண்டியிருந்தது, பின்னால் லாரியில் உடம்பு முடியாத அம்மா உட்கார்ந்திருந்தாள். இப்போது வழி முழுக்கத் திறந்து கிடக்கிறது, கேட்க என்ன இருக்கிறது? முதல் நான்கு நாள் வந்த கூட்டம் பழைய இரண்டு படங்களுக்காக வந்தது. ஐந்தாம் நாளிலிருந்து இந்தப் படத்துக்காக வரவேண்டும், அதற்குத்தான் ஆள் இல்லை. நான் சாய்ந்து உட்கார்ந்து, வாங்கிய சோளப்பொரியை ருசித்துச் சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மோசமான படத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இடைவேளைக்குப் பிறகு நாயகனின் தம்பி இறந்துபோகிறான். ஆஸ்பத்திரி நடைபாதையில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை. யாரிடமோ சொல்வது போலச் சொல்கிறாள்: "சாப்ட்டுட்டுப் போடான்னேன். வந்து சாப்புடுறேன்னான். உனக்குப் பிடிச்ச குழம்புடான்னேன். மூடி வைம்மா, வந்துடுறேன்னான். மூடித்தான் வெச்சிருக்கேன். இன்னும் மூடித்தான் வெச்சிருக்கேன்."

நானாக இருந்தால் இதை அப்படியே இரண்டிரண்டு வரியாக அடுக்கியிருப்பேன். சாப்பிடு என்றது, பிறகு என்றது, குழம்பு, மூடி, எல்லாவற்றையும். கண்கள் கீழே எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கும், மேலே அந்த முகம் வீணாகப் போயிருக்கும். அந்த அம்மா பேசத் தொடங்கும்போதே என் தோழி மூன்றே சொல் போட்டிருந்தாள். நாசி டா செஜோக். சோறு ஆறிப்போச்சு. அதன் பிறகு திரையில் எழுத்தே இல்லை. அம்மா பேசிக்கொண்டே போகிறாள், கீழே வெறுமை. படிக்க எதுவும் இல்லாததால் எல்லோரும் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். முன்னாலிருந்த மலாய்க்கார அம்மா தலையில் சுற்றியிருந்த துடோங் துணியின் நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நானும் அழுதேன். தமிழ் புரிந்த நான், மலாய் வரியைப் படித்து அழுதேன். அந்த அம்மா சோறு ஆறிப்போச்சு என்று சொல்லவே இல்லை. ஆனால் அதைத்தான் சொன்னாள்.

அதன் பிறகு படம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. என் பொருளை எடுத்துக்கொண்டுவிட்டாள் என்ற கோபத்தோடு இத்தனை நாள் இருந்தேன். அதில் ஒரு வசதி இருந்தது, நான்தான் மேல் என்று நினைத்துக்கொள்ள இடம் இருந்தது. இந்த மூன்று சொல் என்னுடையது இல்லை. நூறு வருடம் கொடுத்தாலும் எனக்கு வந்திருக்காது. திரும்பும்போது ஃபெரியின் கம்பியைப் பிடித்து நின்றபடி அந்த மூன்று சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பொறாமை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது.

மறுநாள் விநியோக இளைஞர் போன் செய்தார்.

"அக்கா, படம் கவுந்துருச்சு. ரெண்டாவது வாரம் மலாய்க்காரங்க வரவே இல்ல. பொஸ் சப்டைட்டில்தான் காரணம்னு சொல்றாரு. ஒரு முக்கியமான சீன்ல எழுத்தே இல்லையாம், பாதி வேலதான் பண்ணியிருக்காங்கன்னு கோவமா இருக்காரு. நாலாவது பாகம் எடுத்துக்கிட்டு இருக்காங்க. அத நீங்கதான் பண்ணணும்."

எந்தக் காட்சி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அப்போதே, அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"யோசிச்சு சொல்றேன் தம்பி," என்றேன்.

இரண்டு நாள் யோசிப்பதாகச் சொல்லிக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன். பசாருக்குப் போய் நல்ல மீனாகப் பார்த்து வாங்கினேன், பாட்டுக்கூடப் பாடினேன். கணவர் சமையலறை வாசலில் நின்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். மூன்றாம் நாள் காலை தோழியிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு குரல் பதிவு வந்தது.

"ஏய், என் வேல சரியில்லனு சொல்லிட்டாங்கடி. எங்க தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரியல. நீ படம் பாத்தியா? பாக்கலனா பாத்துட்டு சொல்லு. நீ சொன்னா நான் நம்புவேன்."

அதைக் கேட்டுவிட்டு மீன் குழம்பை மூடி வைத்தேன். பிறகு இளைஞரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, சப்டைட்டில்ல ஒரு தப்பும் இல்ல. அந்தப் படத்துல உருப்படியா இருந்தது அது ஒண்ணுதான்."

"இத பொஸ்கிட்ட நான் எப்படி சொல்றது அக்கா?"

"நானே வந்து சொல்றேன்."

செபராங் ஜெயா அலுவலகத்தில் முதலாளி முன்னால் உட்கார்ந்து சொன்னேன். வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லாதவன் வழி கேட்டால் யார் சிரிப்பார்கள் என்று கேட்டேன். அந்த ஆஸ்பத்திரிக் காட்சியில் ஏன் எழுத்து இல்லை என்று விளக்கினேன், அழுத மலாய்க்கார அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

"சரி, ரெண்டு பேருமே சேர்ந்து பண்ணுங்க," என்றார். "இந்தத் தடவ கடைசியில பேரு போடுறோம். ஆனா ஒரு பேருதான் போட முடியும். யாரு பேரு?"

இவ்வளவு தூரம் அவளுக்காகப் பேசிய வாய். அவள் பெயரைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையை நான் பெருமையாக எழுதியிருக்கலாம். கணநேரம்கூட எடுத்துக்கொள்ளாமல் என் பெயரைச் சொன்னேன்.

அங்கிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். கோப்பி கலக்கிக் கொடுத்தாள். குடிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டாவது படத்த நிச்சயதார்த்தத்துக்காக உனக்குக் குடுக்கல. ஓடாதுன்னு நெனச்சுக் குடுத்தேன்."

"தெரியும்," என்றாள். "உன் மகளோட நிச்சயதார்த்த அழைப்ப நான்தானே டைப் பண்ணிக் குடுத்தேன். தேதி எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"வேல வேணும்லா எனக்கு. சும்மா உக்காந்திருந்தேன் அப்போ." கோப்பியை என் பக்கம் நகர்த்தினாள். "அது எனக்குக் கோவம் இல்ல. ரெண்டாவது படம் வந்து இத்தன நாள் ஆச்சு. நல்லாருக்குன்னு சொல்லல, கேவலமா இருக்குன்னும் சொல்லல. ஊரே பேசுது, நீ ஒரு வார்த்த பேசல. அந்தக் கோவம்தான் இருக்கு."

மூன்றாவது படத்தைப் பார்த்ததைச் சொன்னேன். சோறு ஆறிப்போச்சு என்ற இடத்தையும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்க அம்மா அப்படித்தான் உக்காந்திருந்தாங்க, தம்பி மோட்டார் சைக்கிள்ல அடிபட்டுப் போன அன்னைக்கு," என்று மட்டும் சொன்னாள். அந்தத் தம்பியை எனக்குத் தெரியும். அடக்கத்துக்குப் போயிருக்கிறேன். இத்தனை வருடத்தில் அவள் அம்மா எப்படி உட்கார்ந்திருந்தார் என்று நான் கவனித்ததே இல்லை.

கிளம்பும்போதுதான் மீதியைச் சொன்னேன். "நாலாவது படத்துல ஒரு பேருதான் போடுவாங்களாம். என் பேரச் சொல்லிட்டேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வெச்சுக்கடி. படம் ஓடலனா உன் பேருதானே கெடும்."

இப்போது நான்காம் பாகத்துக்கு இருவரும் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். தீபாவளிக்கு வருகிறது. தெரிந்தவர்கள் எல்லோரும், படம் ஓடுமா என்று என்னைத்தான் கேட்கிறார்கள். மூன்றாவது விழுந்ததில் எடுத்தவர்கள் கொஞ்சம் பயந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஹெலிகாப்டர் போய்விட்டது, லாரி திரும்ப வந்திருக்கிறது, அவன் முகத்தில் மறுபடியும் கொஞ்சம் பயம் இருக்கிறது. ஓடலாம். ஓடாமலும் போகலாம். முதல் முறையாக, ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். என் பெயர் இருக்கிறதே.

போன வாரம் ஒரு வசனத்தில் மாட்டிக்கொண்டேன். லாரிக்காரன் தன் மனைவியிடம் சொல்லும் ஒரு சாதாரண வரி. இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். தோழி எதிரில் உட்கார்ந்து ரம்புத்தான் உரித்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். பழத்தை வாயில் போட்டு, கொட்டையைத் துப்புவதற்குள் ஒரு வரி சொன்னாள். சின்ன வரி. அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. தட்டச்சு செய்தேன். திரையில் போட்டுப் பார்த்தேன், முகத்தோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. வயிறு எரிந்தது, எனக்கு இது ஏன் வரவில்லை என்று.

"நல்லாருக்கு," என்றேன்.

"என்னா?"

"நல்லாருக்குன்னு சொன்னேன்," என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.